கைவிடப்பட்ட அரங்கின் ஏழாம் தாள்

1

இந்தக் கதை ஒரு புகாரில் தொடங்கியது. புகார் சொன்னவள் என் நாத்தனார். முப்பத்து நான்கு வயது. ஊரின் பெண்கள் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பர். ஒரே மாதத்தில் அவளைத் தாண்டி மூன்று கோல்கள் போயிருந்தன, மூன்றும் ஒரே மாதிரி. தெற்குப் பக்கக் கோலுக்கு முன்னால் எட்டடி தூரத்தில் பந்து ஒருமுறை தரையில் படும். இடுப்பு உயரத்துக்கு வர வேண்டியது தலைக்கு மேல் போய்விடும்.

"அண்ணி, அந்த இடத்துல பந்து படி ஏறுது," என்றாள்.

கோச்சின் விளக்கம் வேறு. "பந்து ஏறல. உனக்கு வயசு ஏறுது." சனிக்கிழமை ஆட்டத்தில் அவளுக்குப் பதிலாகப் பத்தொன்பது வயதுக்காரி ஒருத்தியை இறக்கப்போவதாகவும் சொல்லிவிட்டார். அன்று திங்கட்கிழமை.

மைதானத்தைப் பராமரிப்பவரை எல்லோரும் மண்புழு என்றுதான் கூப்பிடுவார்கள். அவரே போனை எடுத்ததும் "மண்புழு பேசுறேன்" என்பார். நாத்தனார் கெஞ்சியதால், அந்த இடத்தில் தோள் உயரத்திலிருந்து பந்தைப் போட்டுப் பார்த்தார். பக்கத்தில் பத்து இடங்களிலும் போட்டார். எல்லா இடத்திலும் பந்து முழங்கால் வரைதான் எழுந்தது.

"தரை மேல தப்பில்லம்மா."

புதிர் இதுதான்: சோதனையில் ஒழுங்காக இருக்கும் பந்து, ஆட்டத்தில் மட்டும் ஏன் துள்ளுகிறது?

2

நான் அப்போது வேறொரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். அதே அரங்கைப் பற்றித்தான். தொண்ணூறு வயதான அந்தக் கட்டடத்தை இடித்து, கூரையோடு புதிதாகக் கட்ட ஒரு திட்டம் போட்டார்கள். மைதானத்தைப் பூட்டினார்கள், அளந்தார்கள், துளை போட்டுப் பார்த்தார்கள். பிறகு திட்டத்தைக் கைவிட்டார்கள். மூன்று வருடம் பூட்டிக் கிடந்ததை இந்த ஆண்டுதான் பழையபடியே திறந்தார்கள். என் முதல் வரி இப்படி இருந்தது:

முதுமையின் படுக்கையில் கிடந்த அந்த அரங்கம் தன் மறுபிறப்பைக் கனவு கண்டபடி—

(தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த நாத்தனார், "யாரு செத்தது?" என்றாள். அதோடு நிறுத்தினேன்.)

ஒரு திட்டம் எப்படிச் சாகிறது என்பதை அறிய முதலில் நாம்—

(இது கட்டுரை. நான்காவது வரியில் யாராவது கொட்டாவி விடுவார்கள்.)

இரண்டையும் அழிக்கத்தான் நினைத்தேன். கதை எங்கெங்கே சறுக்கியது என்று உங்களுக்கும் தெரியட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

3

செவ்வாய்க்கிழமை நகராட்சிப் பொறியியல் பிரிவின் ஆவண அறைக்குப் போனேன். பொறுப்பாளர் அம்மாள் ஏணியில் நின்று ஒரு சுருளை இறக்கித் தூசு தட்டினார்.

"கைவிட்ட திட்டத்தைக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்."

"நிஜமாவா?"

"நடக்குற திட்டத்தையே யாரும் கேக்கிறதில்ல. உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுவும் கைவிட்டதுதான்."

பதினோரு தாள்கள். கதைக்கு உதவும் என்று நான் பார்த்ததெல்லாம் கூரை வரைந்த தாள்களைத்தான். இறகு மாதிரி மெல்லிய கூரை. அரை மணி நேரம் வாய் பிளந்து பார்த்தேன். ஏழாம் தாளைச் சுருட்டும்போதுதான் கவனித்தேன். ஆடுகளத்தின் மேல் ஆறு சின்னச் சதுரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நான்காம் எண் தெற்குக் கோலுக்கு முன்னால், எட்டடியில்.

*இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். பெரிய கட்டடம் கட்டுமுன் மண்ணைத் துளைத்துச் சோதிப்பார்கள். துளைக்குமுன், குழாயோ வயரோ அறுபடாமலிருக்க, ஆளுயரத்துக்கு ஒரு சதுரக் குழியைக் கையாலேயே தோண்டுவார்கள். வேலை முடிந்ததும் சிமெண்ட் ஊற்றி மூடுவார்கள். சிமெண்டை இடுப்பளவு கீழேயே நிறுத்தி, மேலே பழைய மண்ணைப் போடுவதுதான் முறை.*

ஓரத்தில் பென்சிலில் யாரோ எழுதியிருந்தார்கள்: "குழி 4, நான்கு விரல் மட்டும் விட்டு மேல்வரை சிமெண்ட் நிரப்பியாயிற்று. இந்தத் தரை எப்படியும் போகப்போகிறது."

அவர் எழுதியது தப்பில்லை. புதிய ஆடுகளம் இரண்டு மீட்டர் கீழே அமைய இருந்தது. மேல் மண் முழுவதும் லாரியில் ஏறிப் போயிருக்கும். வராமல் போன ஒரு நாளை நம்பி அவர் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறார்.

4

மண்புழுவை முதல் வரைவில் வில்லனாக்கியிருந்தேன். எல்லாம் தெரிந்தும் மறைக்கிறார் என்று எழுதினேன். கதைக்கு அது வசதி. ஆனால் மறுநாள், புதன்கிழமை, விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்தபின் அந்தப் பக்கங்களைக் கிழித்தேன்.

"அந்த இடம் சீக்கிரம் காயுதுன்னு எனக்குத் தெரியும்," என்றார். "புல்லு மஞ்சளாயிடக் கூடாதுன்னு தினம் காலைல ரெண்டு வாளி கூடுதலா ஊத்துவேன்."

"நீங்க பந்து போட்டுப் பாத்தது எப்போ?"

"தண்ணி ஊத்தினப்புறம்தான்…" பாதியில் நிறுத்தினார்.

சிமெண்டுக்கு மேலே நான்கு விரல் மண்தான். காலையில் ஊற்றும் தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் அங்கேயே தேங்கும். மண் சேறாக நெகிழ்ந்து, பந்து அடங்கி எழும். மதிய வெயிலில் அந்த நான்கு விரலும் ஓடாகக் காய்ந்துவிடும். ஆட்டம் நான்கு மணிக்கு. மழை நின்றும் ஒரு மாதம்தான் ஆகிறது. மஞ்சள் வட்டம் ஒன்று தெரிந்திருந்தால் என்றோ கண்டுபிடித்திருப்பார்கள். அவருடைய அக்கறையே அதைப் பச்சையாக மூடி வைத்திருந்தது.

5

அன்று மாலை நான்கு மணிக்குக் கோச்சை அழைத்து வந்தோம். பக்கத்தில் போட்ட பந்து முழங்கால்வரை எழுந்தது. அந்த இடத்தில் இடுப்புக்கு வந்தது. கோச் பந்தைப் பிடுங்கித் தானே மூன்று முறை போட்டார்.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"நாலு பேருக்கு. உங்களையும் சேத்து," என்றாள் நாத்தனார்.

"சரி, கேளு. சனிக்கிழமை நீதான் நிக்கிற. முதல் பாதி இந்தக் கோல் உனக்கு. இடம் தெரியும், ஏமாற மாட்ட. ரெண்டாவது பாதி அவங்க கீப்பர் இங்க நிப்பா. எங்க குத்தி அடிக்கணும்னு நம்ம பொண்ணுங்ககிட்ட சொல்லிடலாம். தோண்டுறத ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்."

"அப்புறம் அவங்க கோச்சும் அவளப் பாத்து வயசு ஏறுதும்பாரு."

"இப்பவே தோண்டினா பழைய பேச்சுதான். உன்ன இறக்குறதப் பத்தி நான் யோசிக்கணும்."

"யோசிங்க சார், அவசரமில்ல." அவள் மண்புழு பக்கம் திரும்பினாள். "அண்ணே, கடப்பாரை எங்க வெச்சிருக்கீங்க?"

6

முடிவு இரண்டு எழுதினேன்.

அ) சனிக்கிழமை கடைசி நிமிடத்தில் அவள் பாய்ந்து பந்தைத் தடுக்க, கோச் ஓடி வந்து— (இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது.)

ஆ) அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, எதிரணிக் கீப்பர் அதே இடத்தில் வந்த பந்தைச் சுலபமாகப் பிடித்து— (நன்றாக இருக்கிறது. ஆனால் அவள் கண்ணீர் விடுவதாக எழுதினேன். நாத்தனார் என்னைச் சும்மா விடமாட்டாள்.)

இரண்டும் வேண்டாம். சனிக்கிழமை காலையில் கோச் படித்த பட்டியலில் கீப்பர் யார் என்பதை உங்களிடமே விடுகிறேன். அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் யாரைப் போடுவீர்களோ, அவளே நிற்கட்டும். எனக்கு உறுதியாகத் தெரிந்தது, புதனும் வியாழனுமாக அவர்கள் செய்த வேலை மட்டும்தான்:

புல்லைக் கனமான பாளங்களாக வெட்டி, நிழலில் ஈரச் சாக்கின் மேல் பரப்ப வேண்டும். சிமெண்ட் முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. முழங்கால் ஆழத்துக்கு உடைத்தால் போதும். மிச்சமிருக்கும் சிமெண்டின் மேல்பரப்பை ஒரு பக்கமாகச் சரித்து உடைக்க வேண்டும். தண்ணீர் பக்கத்து மண்ணுக்குள் வடிந்துவிடும். அதன்மேல் ஒரு சாண் சரளை. பிறகு மற்ற இடங்களில் இருக்கும் அதே மணல் கலந்த மண்ணை, நான்கு விரல் நான்கு விரலாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் நனைத்து இடிக்க வேண்டும். புல்லைத் திரும்பப் பதித்து, எல்லா இடத்துக்கும் ஊற்றும் அளவே தண்ணீர் ஊற்ற வேண்டும். மாலை நான்கு மணிக்குத் தோள் உயரத்திலிருந்து பந்தைப் போட்டால், முழங்கால் வரை எழும்.