சிவந்த மஞ்சள் தண்ணி

"டீச்சர் வந்துட்டாங்க! அந்தக் கதிரையத் தொடைச்சுப் போடுங்க!"

ஜீவராணி போட்ட சத்தத்துக்கு வரிசை வீடுகளான லயத்தின் காம்பராக்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. நோர்வூட்டிலிருந்து முச்சக்கர வண்டியில் வந்து, தேயிலைக்கு நடுவே போகும் படிகளில் மூச்சு வாங்க ஏறி வந்த கேதீஸ்வரி டீச்சருக்கு அந்த வரவேற்பு கூச்சமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். ஜீவராணியின் மகள் நிஷாந்தி அவளிடம் ஏழாம் ஆண்டு படிக்கிற பிள்ளை. பெரியவளாகிவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை தலைக்குத் தண்ணி ஊற்றுகிறோம், கட்டாயம் வரணும் என்று ஜீவராணி பள்ளிக்கூடத்துக்கே வந்து தட்டு வைத்து எல்லா ஆசிரியர்களையும் அழைத்தாள். வந்து சேர்ந்தது இவள் ஒருத்திதான்.

"நான் சும்மா இருக்கேல்லை. ஏதும் வேலை தாங்கோ," என்றாள் டீச்சர்.

"ஐயோ, நீங்களா? ஏன்டி, டீச்சர் வேலை கேக்குறாங்கடி!"

பெண்கள் சிரித்தார்கள். ஆனால் சிரிப்புக்கு நடுவிலேயே இஸ்தோப்புத் திண்ணையில் ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் தண்ணி யார் ஊற்றுவது என்பதுதான் வாக்குவாதம்.

"தாய்மாமன் பொண்டாட்டிதான் ஊத்தணும். அதான மொறை?" என்றாள் ஜீவராணி.

"மொறைதான். நான் இல்லேங்கலியே." பேசியது மாரியாயி, ஜீவராணியின் புருஷனுக்கு அக்கா. "புள்ள பெத்த கையா இருந்தா நல்லதுன்னு நாலு வீட்டுல பேசிக்கிறாங்க. அதத்தான் சொல்றேன்."

"அந்த நாலு வீடும் உங்க வாயிலதான் மதினி குடியிருக்கு."

"பாத்தியா, பாத்தியா! நல்லது சொன்னா நாக்கப் புடுங்குறா."

தாய்மாமன் பொண்டாட்டி பேச்சியம்மா அடுப்படியில் வெந்நீர்ப் பானைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. கல்யாணமாகி எத்தனையோ காலமாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. ஜீவராணி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்த காலம் முழுக்க நிஷாந்தியைத் தன் காம்பராவில் வைத்துச் சோறூட்டிப் பேன் பார்த்துப் பள்ளிக்கூடம் அனுப்பியது அவள்தான். அதனால்தான் ஜீவராணி விட்டுக்கொடுக்கவில்லை.

பேச்சியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். கையில் ஒரு பித்தளைக் குண்டா.

"டீச்சர், வேலை கேட்டீங்கள்ல. இத அந்தப் பலகைக்குப் பக்கத்துல வச்சிடுங்க. மஞ்சத் தண்ணி இதுலதான் கரைக்கணும். எங்க கல்யாணத்துக்கு எங்கப்பா குடுத்தது."

"நல்ல பாரமா இருக்கு."

"அந்தக் காலத்துப் பித்தளை இல்லீங்களா? நேத்துதான் புளி போட்டுத் தேச்சேன்."

குண்டா வெளியே தங்கம் போல மின்னியது. டீச்சர் அதை வாங்கி உள்ளே பார்த்தாள். அடியில் கறுப்பாக ஒரு படை. கொடுத்த விரல்களையும் பார்த்தாள். கொழுந்தெடுத்துக் கொழுந்தெடுத்துச் சாயமேறிப் போன விரல்கள், நகக்கண் எல்லாம் கறுப்பு.

களிம்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். செம்பின் சேர்வை, பிள்ளையின் கண்ணில் படக்கூடாது. களிம்பு பச்சையாக இருக்கும், கறுப்பாக இருக்காது. அது அவளுக்குத் தெரியாதா? வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டவளே அவள்தான். ஆனாலும் களிம்பு என்று சொல்லிக்கொண்டால் மனசுக்கு வசதியாக இருந்தது.

லயத்தின் கோடியில் பீலி. மூங்கில் வழியே வரும் மலைத்தண்ணி அன்றைக்கென்று நூல் போல ஒழுகிக்கொண்டிருந்தது. கல்லின் மேல் யாரோ விட்டுப்போன சலவைத் தூள் பாக்கெட் கிடந்தது. டீச்சர் அதில் ஒரு கை அள்ளிப் போட்டு, தேங்காய்த் தும்பால் அழுத்தித் தேய்த்தாள். கறுப்பு போகவில்லை. அது பழைய அடிப்பிடிப்பு, பித்தளையோடு பித்தளையாகிப் போனது.

"டீச்சர்! குண்டா எங்க? நேரமாகுது!"

"இந்தா வாறன்!"

ஒழுகுகிற தண்ணியை ஏந்தி ஒரு தரம் சுழற்றி ஊற்றினாள். அவ்வளவுதான். கொண்டுபோய்ப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நிஷாந்தியைப் பாவாடையும் தாவணியுமாகப் பலகையில் உட்கார வைத்தார்கள். மாமன் சுதாகரன் சீர்த்தட்டோடு ஓரமாக நின்றான். பேச்சியம்மா குண்டாவில் இளஞ்சூட்டுத் தண்ணி ஊற்றி, அரைத்து வைத்த மஞ்சளை அள்ளிப் போட்டுக் கையால் கலக்கினாள்.

ஒரு சுற்று. இரண்டு சுற்று. தண்ணி சிவந்தது.

"அடி ஆத்தி!" என்றாள் மாரியாயி. "என்னாடி இது, ரத்தமாட்டம்?"

பேச்சியம்மா கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். முழங்கை வரைக்கும் செம்மண் நிறம்.

"ஆரத்தித் தண்ணிக்குல்ல சுண்ணாம்பு போடுவோம்! குளிக்கிற தண்ணில போடலாமா? புள்ள தலையில ஊத்துற மொதத் தண்ணி!"

"நான் போடல மதினி. சத்தியமா போடல."

"நீ போடலேன்னா மலையில இருந்து பேய் எறங்கி வந்து போட்டுச்சா? இடுப்புல எந்நேரமும் வெத்தலைப் பை. ஒன் கையே சுண்ணாம்புக் கை."

"காலையில இருந்து வெத்தலை போடலீங்க."

"பையத் தொட்டியா, இல்லையா?"

பேச்சியம்மா யோசித்தாள். "தொட்டேனோ என்னமோ," என்றாள் மெதுவாக.

"இன்னைக்கு ஒரு நாளு அந்தக் கருமத்த வீட்டுல வச்சிட்டு வரக்கூடாதா?" என்று சுதாகரன் எல்லார் முன்னாலும் கத்தினான்.

குண்டாவின் விளிம்பில் கொஞ்சம் நுரை நின்றது. கேதீஸ்வரி அதைத் தண்ணி சிவந்த அந்த நொடியே பார்த்துவிட்டாள். தும்பு, தூள், நூல் போல ஒழுகிய தண்ணி எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. இப்போது சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த கேள்வி, ஏன் கழுவினீர்கள் என்பது. அதற்கு என்ன சொல்வது? அவர்கள் தேய்த்து மினுக்கிக் கொண்டுவந்த பாத்திரத்தை நான் ஏன் கழுவினேன்?

"இங்க படிச்சவங்க இருக்காங்கல்ல, அவங்க சொல்லட்டும்," என்றாள் மாரியாயி. "ஏன் டீச்சர், சுண்ணாம்பு பட்டா மஞ்சத் தண்ணி செவக்குமா, செவக்காதா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சியம்மாவும் பார்த்தாள். டீச்சர் காப்பாற்றுவார் என்று நினைத்த பார்வை.

"சிவக்கும்," என்றாள் கேதீஸ்வரி. "சுண்ணாம்பு காரம். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும்."

"கேட்டுக்கங்க!"

சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. பரீட்சைத் தாளில் எழுதியிருந்தால் முழுப் புள்ளி. சொல்லி முடித்ததும் காது மடல் இரண்டும் சுட்டது. இன்னும் ஒரு வாக்கியம் இருந்தது. அதை விட்டுவிட்டாள்.

பேச்சியம்மா திரும்பி நடந்தாள். பீலிக்குப் போனாள். கல்லில் விரல்களைத் தேய்த்துக் கழுவினாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடி கழுவினாள். இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையை அவிழ்த்து வேலிப் பக்கம் வீசினாள். "என் கையிலதான் இருந்திருக்கும்," என்று அவள் யாருக்கோ சொல்லிக்கொள்வது இங்கே வரைக்கும் கேட்டது.

"அத கீழ கொட்டுங்க. வேற பாத்திரம் எடுங்க. மொதத் தண்ணி நானே ஊத்திடறேன்," என்றாள் மாரியாயி.

ஜீவராணி வேறு பாத்திரத்துக்குக் கையை நீட்டினாள். டீச்சரே சொன்ன பிறகு அவள் என்ன பேசுவாள்?

"டீச்சர்."

பலகையில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் குரல்.

"நீ பேசாத, சடங்குல ஒக்காந்த புள்ள பேசக்கூடாது!" என்றாள் மாரியாயி.

"இருங்க பெரியத்தை. டீச்சர், சவுக்காரமும் காரந்தானே? நம்ம லிட்மஸ், அந்தப் பாசிச்சாயத்தாள் வச்சுப் பாத்தோமே. மஞ்சள் தடவுன தாள்லயும் பாத்தோம். அதுவும் செவந்துச்சு."

"ஓம் பிள்ளை," என்றாள் கேதீஸ்வரி.

"இதுல நுரை வருது டீச்சர். சுண்ணாம்புத் தண்ணில நுரை வராதே?"

அந்தப் பிள்ளை குற்றம் சாட்டவில்லை. வகுப்பில் கை தூக்கிக் கேட்பது போலத்தான் கேட்டாள். சரியா டீச்சர், பிழையா டீச்சர் என்று கேட்கிற அதே கண்கள்.

"பாத்தீங்களா, சவுக்காரமாம்!" என்று மாரியாயி உடனே பிடித்துக்கொண்டாள். "கழுவத் தெரியாம கழுவிக் கொண்டாந்திருக்கா. ஒரு பாத்திரம் அலசத் தெரியல, இவளப் போயி மொதத் தண்ணி ஊத்தச் சொல்றீங்க!"

"அவ இல்லை," என்றாள் கேதீஸ்வரி. "நான்."

"என்னா டீச்சர்?"

"நான்தான் கழுவினனான். சலவைத் தூள் போட்டு. வடிவா அலசேல்லை. பேச்சியம்மா அக்காவின்ர கையிலை ஒண்டும் இல்லை. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சுண்ணாம்பெண்டு சொன்னனான்."

திட்டப் போகிறார்கள் என்று கேதீஸ்வரி தலையைக் குனிந்து நின்றாள். திட்டட்டும் என்று இருந்தது.

மாரியாயிதான் முதலில் சிரித்தாள்.

"அட, டீச்சரா! இதுக்கா இம்புட்டு நேரம் பதறிக்கிட்டு நின்னோம்? சவுக்காரம்னா சுத்தந்தான, அதுல என்னா இருக்கு? நான் என்னமோ ஏதோன்னுல்ல பயந்துட்டேன்!"

"அதானே," என்றாள் இன்னொருத்தி. "படிச்ச கை பட்ட தண்ணி. நல்லதுதான்."

"நம்ம புள்ளயும் டீச்சராட்டம் வரும்னு காட்டுது. ஏன் ஜீவராணி, டீச்சரே மொதத் தண்ணி ஊத்திடட்டுமே! நான்கூட ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்," என்றாள் மாரியாயி.

சுதாகரனும் சிரித்தான். சற்று முன்னால் தன் பெண்டாட்டியைத் திட்டிய வாய் அது. அதே தண்ணி. நிறம்கூட மாறவில்லை. கேதீஸ்வரிக்கு இப்போதுதான் நிஜமாகவே அழுகை வந்தது. யாராவது தன்னைத் திட்டியிருந்தால் நிமிர்ந்து பார்த்திருப்பாள்.

"என்னாலை ஏலாது," என்றாள். "அந்த அக்காதான் ஊத்தோணும். இல்லாட்டி நான் போறன்."

பேச்சியம்மா ஈரக் கையோடு வந்து குண்டாவுக்குப் பக்கத்தில் நின்றாள். கல்லில் தேய்த்ததில் விரல் நுனிகள் சிவந்திருந்தன. குண்டாவைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள்.

"நான் புளி போட்டுக் கழுவித்தான கொண்டாந்தேன் டீச்சர்?"

"ஓம்."

"உள்ள ஏதும் களிம்பு கிளிம்பு இருந்துச்சா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தையைப் பேச்சியம்மாவே எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"இல்லை அக்கா. ஒண்டும் இருக்கேல்லை."

"அப்பறம் எதுக்கு?"

கேதீஸ்வரியின் கண் தன்னையறியாமல் அந்தக் கறுத்த நகக்கண்களுக்குப் போனது. பதில் என்னவென்று பேச்சியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அது அவள் முகத்தில் ஒரு கணம் நின்று, பிறகு போய்விட்டது. அவள் தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"சரி, விடுங்க," என்றாள்.

கேதீஸ்வரி குண்டாவைத் தூக்கக் குனிந்தாள். "தாங்கோ, நான் இப்ப வடிவாக் கழுவிக்கொண்டு வாறன்."

"வேணாம் டீச்சர். எங்கப்பா குடுத்தது. நானே கழுவிக்கிறேன்."

சிவப்புத் தண்ணியைத் தேயிலைச் செடி அடியில் கொட்டிவிட்டு, பேச்சியம்மா பீலிக்குப் போய், நூலாக ஒழுகிய தண்ணியில் பொறுமையாக அலசினாள். ஜீவராணி புதிதாக மஞ்சள் அரைத்தாள். இந்தத் தரம் தண்ணி மஞ்சளாகவே இருந்தது. முதல் சொம்பைப் பேச்சியம்மாதான் ஊற்றினாள். மாரியாயி குலவையிட்டாள், மற்றவர்களை விடச் சத்தமாகவே. நிஷாந்தி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தண்ணி முகத்தில் வழிய, டீச்சரைப் பார்த்து ஒருமுறை சிரித்தாள், சரியாக விடை சொன்ன பிள்ளையின் சிரிப்பு. கேதீஸ்வரியால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

எல்லாம் முடிந்து பந்திக்கு இலை போடும்போது, பேச்சியம்மா ஒரு கையில் தேத்தண்ணிக் கேத்தலும் இன்னொரு கையில் வெறும் கிளாசுமாக டீச்சரிடம் வந்தாள்.

"கொஞ்சம் இப்பிடி வாங்க டீச்சர்."

பீலிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டீச்சர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிளாசைத் தண்ணியில் நீட்டி, உள்ளே விரல் விட்டுச் சுற்றி, கவிழ்த்து, மறுபடி ஏந்திக் கழுவினாள். வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்.

"ஏன் அக்கா இப்பிடிச் செய்யிறீங்க?"

"இருக்கட்டும் டீச்சர். கண்ணு முன்னால கழுவுனா உங்களுக்கும் குடிக்க மனசு வரும்ல."

குத்தலாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. விருந்தாளிக்குச் செய்கிற மரியாதையைச் செய்கிற குரலில்தான் சொன்னாள். தேத்தண்ணியை ஊற்றி, கிளாசின் அடியைத் தன் முந்தானையால் துடைத்து நீட்டினாள்.

கேதீஸ்வரி வாங்கினாள். நாக்கு வெந்தது. வெந்தால் வேகட்டும் என்று அங்கேயே நின்று கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். பேச்சியம்மா பக்கத்திலேயே நின்று, கிளாசைத் திருப்பி வாங்கக் காத்துக்கொண்டிருந்தாள்.