முப்பத்தைந்து நிமிட இடைவெளி

டிக்கெட் ஏஜென்ட்டுக்கு வாய் கொஞ்சம் நீளம். "நான் டிக்கெட் ஆபீஸ் வச்சிருக்கேன், என் தங்கச்சி பஸ்ல குலுங்கிட்டுப் போவாளா? ஊர் சிரிக்கும்!" என்று தங்கையின் வாயை அடைத்துவிட்டு, இரண்டு குட்டி விமானங்களில் இடம் போட்டிருந்தான். முதலாவது ஒன்பது நாற்பதுக்குக் கிளம்பிப் பத்து நாற்பத்தைந்துக்கு இறங்கும். அங்கே முப்பத்தைந்து நிமிடம் காத்திருந்து, பதினொன்று இருபதுக்கு அடுத்ததில் ஏற வேண்டும். மூன்று மணிக்குள் அவள் அரசு ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து கையெழுத்துப் போட்டாக வேண்டும். தவறினால் அந்த இடம் பட்டியலில் இருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வயது வரம்பைத் தொட்டு நிற்கிறவளுக்கு இனி இன்னொரு வாய்ப்பு கிடையாது.

பத்தரைக்குத் தங்கையிடமிருந்து செய்தி வந்தது. "ஒரே மூடுபனி. இப்பதான் கிளம்புது. போனை அணைக்கச் சொல்றாங்க."

ஐம்பது நிமிடத் தாமதம்! கையில் அகப்பட்ட காகிதத்தில் கணக்குப் போட்டான். இரண்டு ஊருக்கும் வான்வழியில் முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர். மணிக்கு ஐந்நூறு போகிற விமானத்துக்கு முப்பத்தேழு நிமிடம்தானே? அட, இருபத்தெட்டு நிமிடம் மிச்சம் இருக்கிறதே என்று ஒரு நொடி துள்ளினான். மறுநொடியே உறைத்தது. ஓடுபாதை வரை ஊர்ந்து, ஏறி, வளைந்து, இறங்கி, மறுபடி ஊர்ந்து நிற்பதற்குத்தான் அந்த இருபத்தெட்டும். இவ்வளவு கிட்டத்து ஊருக்கு எந்த விமானியாலும் விட்ட நேரத்தைப் பிடிக்க முடியாது. வாடிக்கையாளர்களுக்கு இதை வாய் வலிக்கச் சொல்கிறவனே அவன்தான். பதினொன்று முப்பத்தைந்துக்கு அவள் இறங்கும்போது அடுத்த விமானம் பறந்திருக்கும். அதை விட்டால் நாளைக்குத்தான்.

"என் திமிரே அவ வேலைக்கு உலை வச்சிடுச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டு, அவள் மாறி ஏற வேண்டிய நிலையத்தின் கவுன்டருக்குப் போன் போட்டான்.

"மேடம், உங்க கால்ல விழுறேன். பதினொன்னு இருபது விமானத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க. என் தங்கச்சி முதல் விமானத்துல வந்துட்டே இருக்கா. அவளை விட்டுட்டுக் கிளம்பிடாதீங்க!"

மறுமுனையில் அந்தப் பெண் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள். "சார், உங்க தங்கச்சி வர்ற விமானம்தான் இங்கேருந்து வேற நம்பர்ல பதினொன்னு இருபதுக்குப் போகணும். எங்களுக்கு இருக்குறதே அது ஒண்ணுதான். அதை விட்டா எதை ஓட்டுறது, என் நாற்காலியையா?"

வயிற்றில் பாலை வார்த்தாள், மகராசி! கடல் தாண்டிப் போகிறவர்களுக்கே டிக்கெட் போட்டுப் பழகியவன், இரண்டு நம்பர் என்றால் இரண்டு விமானம் என்றே நினைத்திருந்தான்.

"சார் என்ன தொழில் பண்றீங்க?"

"பழக்கடைங்க," என்று சொல்லிப் பட்டென்று போனை வைத்தான்.

ஒன்றே முக்காலுக்குத் தங்கை கூப்பிட்டாள். "கையெழுத்துப் போட்டாச்சுண்ணா! நடுவுல இறங்கவே விடல, அப்படியே உட்காருங்கன்னுட்டாங்க. ஒரே விமானம்தான்னு நீ முன்னாடியே சொல்லக் கூடாதா? பயந்தே செத்தேன்."

"உனக்கு ஒரு இன்ப அதிர்ச்சியா இருக்கட்டுமேன்னு..." என்று ஆரம்பித்தவன், ஆபீஸின் கண்ணாடிக் கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

"இல்லம்மா. எனக்கே தெரியாது. உன் வேலையைக் கெடுத்துட்டேன்னு நானும் இங்க செத்துப் பொழைச்சேன்."