வெயில்காரி கட்டிய நிலாத் தோட்டம்

அவளுக்கு வெயில்காரி என்று பெயர் வைத்தது நாத்தனார்தான். வீடுகளின் மொட்டை மாடியில் சோலார் தகடு பொருத்துவது அவள் வேலை என்று கேள்விப்பட்டதும், "அப்ப வெயிலைப் புடிச்சுப் பொழைக்கிறவன்னு சொல்லு" என்று சிரித்தாள் கணவனின் அக்கா. பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த அக்காவுக்காகத்தான் இப்போது வெயில்காரி தன் வீட்டுக் கொல்லையில் நிலாவுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா தனியாள். பௌர்ணமிதோறும் தன் ஃபிளாட் பால்கனியில் ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்து, அதில் நிலா தெரியும்படி உட்கார்ந்துகொள்வாள். யாருக்காவது வாய்விட்டு நன்றி சொல்லி, விரல்நுனியால் தண்ணீரைத் தொடுவாள். நிலா சில்லுச் சில்லாக உடையும். அது மறுபடி முழுசாகக் கூடும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. கூடிவிட்டால் நன்றி உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம்தான் அடுத்த ஆள். இறந்துபோனவர்களுக்கும் இதே வழிதான். அக்கா இதை மந்திரம் என்பாள். அவள் தம்பி, அதாவது வெயில்காரியின் கணவன், "அக்காவோட தபால் ஆபீஸ்" என்பான்.

வெயில்காரி கிண்டல் செய்ததில்லை. முதுகில் ஆபரேஷன் ஆகி, புரண்டு படுக்கக்கூட முடியாமல் அவள் கிடந்த நாட்களில் கூப்பிடாமலே வந்து நின்றவள் அக்கா. குளிப்பாட்டினாள், தலை வாரிவிட்டாள், கைத்தாங்கலாக நடக்க வைத்தாள். இவள் தானாகப் படியேறிய அன்றே ஊருக்குக் கிளம்பிவிட்டாள். நன்றி என்று வாயெடுத்தாலே பேச்சை மாற்றுகிறவளிடம் என்ன சொல்ல முடியும்?

அக்காவின் பால்கனிக்கு எதிரே புதுக் கட்டடம் எழும்பி நிலாவை மறைத்துவிட்டது. "எங்களோடவே வந்து இருங்கக்கா, கொல்லை பூரா உங்களுக்குத்தான்" என்று இவள் போனில் கெஞ்சினாள்.

"வந்து ஒரு பௌர்ணமி உக்காந்து பாக்கறேன். மனசுக்கு ஒத்து வந்தா இருக்கேன். இல்லேன்னா கோவிச்சுக்கக் கூடாது" என்றாள் அக்கா.

ஆக, ஒரே ஒரு பௌர்ணமி. நிலா தெரிய ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டுவதற்காக வெயில்காரி அளவு டேப்பை எடுத்துக்கொண்டு கொல்லையில் இறங்கினாள்.

நிலாவைத் தண்ணீரில் பிடிப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கேரம் காய் பலகை ஓரத்தில் எந்தச் சாய்வில் மோதுகிறதோ அதே சாய்வில்தான் திரும்பும். வெளிச்சமும் அப்படித்தான். நிலா உயரத்தில் இருந்தால் தொட்டியை ஒட்டிக் குனிந்து பார்க்க வேண்டும், தாழ்ந்திருந்தால் தள்ளி உட்கார வேண்டும். அதனால் உட்காரும் பலகையை முன்னும் பின்னும் நகர்த்துகிற மாதிரி செய்தாள். தொட்டியின் அடி வெளுப்பாக இருந்தால் நிலா மங்கிப்போகும், எனவே உள்ளே கறுப்புப் பூச்சு. பக்கங்கள் செங்குத்தாக இருந்தால் அலை முட்டி முட்டித் திரும்பி வரும். கடற்கரை போலச் சரிவாக இருந்தால் ஏறி, அப்படியே அடங்கிவிடும். எனவே அகலத் தட்டு மாதிரி ஒரு சரிவு. காற்றைத் தடுக்க அவள் சுவர் எழுப்பவில்லை. சுவரேறிக் குதிக்கிற காற்று இந்தப் பக்கம் வந்து சுழற்றியடிக்கும். செடி வேலியோ காற்றைச் சல்லடை போலச் சலித்து, பாதி வேகத்தில் விடும். வேலியின் உள்பக்கம் வெள்ளைப் பூச்செடிகள், நடைபாதை ஓரத்தில் கால் பட்டால் மணக்கும் புதினா.

"தண்ணி வைக்கத்தானே? ஒரு பக்கெட் போதாதா?" என்றான் கணவன், சிமெண்ட் மூட்டையைச் சுமந்தபடி.

"பக்கெட்ல பாத்தா உங்க மூஞ்சிதான் தெரியும். அதுக்கா அவ்ளோ தூரத்துலேந்து வர்றாங்க?"

தொட்டியை எங்கே பதிப்பது என்பதுதான் முக்கியம். தெற்கே, வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு மாடி உயர்ந்து நின்றது. சூரியன் உதித்துக் கொஞ்ச நேரத்தில் அந்த மாடியைத் தாண்டி எங்கே வெயில் அடிக்கிறது என்று பல காலை நேரங்களில் குச்சி நட்டுப் பார்த்தாள். வேலிப் பக்கம், கொல்லையின் அழகான மூலையில், தாராளமாக அடித்தது. நிலாவும் சூரியன் மாதிரி கிழக்கே உதித்து அந்தப் பக்கமாகத்தானே ஏறும்? அங்கேயே தொட்டியைச் சிமெண்ட் போட்டுப் பதித்தாள்.

பௌர்ணமி அன்று அக்கா ஒரு சின்னப் பையோடு வந்து இறங்கினாள். சாப்பிட்டு முடித்து மூன்று பேரும் கொல்லைக்குப் போனார்கள். புதினாவை மிதித்துவிட்டு அக்கா குனிந்து முகர்ந்தாள். தொட்டியின் சரிவைக் கையால் தடவிப் பார்த்தாள். "யாருடி இதெல்லாம் செஞ்சது, நீயா?" என்றாள். பலகையில் உட்கார்ந்தாள்.

தண்ணீரில் பக்கத்து வீட்டுச் சுவர் தெரிந்தது. வானம் வெளுத்துக் கிடந்தது, ஆனால் நிலா மட்டும் மாடிக்குப் பின்னாலேயே இருந்தது.

காத்திருந்தார்கள். வெயில்காரி பலகையை முன்னே தள்ளச் சொன்னாள், பின்னே தள்ளச் சொன்னாள். சுவர்தான் பெரிதாகவும் சின்னதாகவும் தெரிந்தது.

"தபால் ஆபீஸுக்கு இன்னிக்கு லீவு போல" என்றான் தம்பி.

"வாயை மூடுறா." பிறகு அக்கா இவள் பக்கம் திரும்பி, "பரவால்லம்மா, ரொம்ப சிரமப்பட்டிருக்கீங்க" என்றாள்.

அக்கா மரியாதை போட்டுப் பேசுவது அந்நியர்களிடம் மட்டும்தான். காலையில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள்.

தலை குனிந்தபோதுதான் வெயில்காரி தரையைப் பார்த்தாள். நிலா வெளிச்சத்தில் பக்கத்து வீட்டின் நிழல் தொட்டியை விழுங்கி, கொல்லையின் பாதி வரை நீண்டு கிடந்தது. தகடு பொருத்துகிறவளுக்கு நிழல் அத்துப்படி. வெயில் காலத்தில் நிழல் இவ்வளவு நீளாது.

"ஐயோ, இது குளிர் காலத்து நிழலாச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்னடி உளர்றே?"

"அக்கா, சீசா பலகை பாத்திருக்கீங்கல்ல, பார்க்குல? ஒருத்தர் மேல போனா இன்னொருத்தர் கீழ. பௌர்ணமி நிலா எப்பவும் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கும். அதனாலதான் முழுசாத் தெரியுது. இப்ப வெயில் காலம், சூரியன் உச்சியில போகுது. அப்ப நிலா தாழ்வாத்தான் போகும், குளிர் காலத்துச் சூரியன் போற வழியில. நான் மடச்சி, சூரியனைக் கேட்டு நிலாவுக்கு வீடு கட்டியிருக்கேன்!"

"வெயில்காரி வேற யாரைக் கேப்பா?" என்றான் கணவன்.

அக்கா சிரிக்கவில்லை. நிழலின் ஓரத்தையே பார்த்தாள். "அப்ப நிழல் முடியற எடத்துக்கு அந்தாண்ட நிலா இருக்குல்ல?"

அடுத்த நிமிடம் சமையலறையிலிருந்து பெரிய பாத்திரம் வந்தது. கணவன் தண்ணீர் தளும்பத் தளும்பத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்க, பெண்கள் இருவரும் நிழலைத் தாண்டி வீட்டுப் பக்கமாக ஒவ்வோர் அடியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார்கள். "இங்க வை. இல்ல, எடு. இன்னும் கொஞ்சம்." கடைசியில், வீட்டுச் சுவரை ஒட்டி, இரண்டு குப்பைத் தொட்டிகளுக்கும் பஞ்சரான சைக்கிளுக்கும் நடுவில், நிலா பாத்திரத்துக்குள் வட்டமாக வந்து உட்கார்ந்தது.

"நல்ல எடமாத்தான் புடிச்சிருக்கு" என்றான் கணவன்.

அக்கா முதுகைச் சுவரில் சாய்த்துத் தரையிலேயே சம்மணம் போட்டாள். வழக்கமான ஆட்களுக்கு நன்றி சொன்னாள். பள்ளிக்கூட டீச்சர், இறந்துபோன சிநேகிதி, பழைய ஆபீஸில் வேலை கற்றுக்கொடுத்தவர். ஒவ்வொரு தடவையும் நிலா உடைந்தது, கூடியது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "நீயும் யாருக்காவது சொல்லணுமா?" என்றாள்.

வெயில்காரி எதிரே மண்டியிட்டாள். "என்னை மறுபடி நடக்க வச்ச எங்க அக்காவுக்கு" என்று சொல்லிச் சட்டென்று தண்ணீரைத் தொட்டாள்.

அக்கா வாயைத் திறந்தாள். நிலா உடைந்திருந்ததால் மூடிக்கொண்டாள்.

சமையல் பாத்திரம் செங்குத்தானது. அலைகள் பக்கங்களில் முட்டி, நடுவுக்கு வந்து, மறுபடி முட்டின. நிலா கூடுவதும் குலைவதுமாக இருந்தது. சரிவான தொட்டியாக இருந்தால் எப்போதோ அடங்கியிருக்கும். இதில் அக்கா பேச்சை மாற்ற வழியில்லாமல், அந்த நன்றிக்கு முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ஒரு வழியாக நிலா வட்டமானது.

"சேந்துருச்சு" என்றாள் அக்கா. "அந்தத் தொட்டிக்கு நிலா எப்ப வரும்?"

"குளிர் காலத்துலக்கா. மாடிக்கு மேல ஏறி வந்து நேரா விழும். அதுவரைக்கும் மாசா மாசம் நிழல் கொஞ்சம் கொஞ்சமா வேலிப் பக்கம் நகரும்."

"அப்ப மாசத்துக்கு ஒரு எடம் மாத்தணும்."

"ஆமா. எங்கெங்கேன்னு உக்காந்து பாத்தாத்தான் தெரியும்."

"பாத்துருவோம். குளிர் காலம் வரைக்கும் ஒவ்வொண்ணா அடையாளம் வை, நான் உக்காந்து சொல்றேன். இந்த மாசத்துக்கு இங்கயே ஒரு கல்லு போடு." அக்கா தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். "டேய், இந்தக் குப்பைத் தொட்டியெல்லாம் நகத்து."

"எங்கக்கா நகத்த? வேற எடமே இல்ல."

"உன் ரூம்ல வை. எனக்கு எடம் வேணும்."

அவன் முனகிக்கொண்டே முதல் குப்பைத் தொட்டியை இழுத்தான். வெயில்காரி டேப்பை நீட்டினாள். அக்கா அதன் ஒரு முனையை நிழலின் ஓரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சரியாப் பாருடி, இந்தத் தடவை நிலாவைக் கேட்டு அள" என்றாள்.