ஒன்பதாம் கட்டத்து அட்டைகள்

1

என் தங்கை மகள் றிப்கா தன் ஆராய்ச்சி அட்டவணையிலிருந்து ஒரு வரியை அழித்துவிட்டாள். இந்தக் கதை அந்த வரியிலிருந்து வந்தது. திருடினேன் என்று யாரும் சொல்ல வேண்டாம், அவளே கொண்டுவந்து தந்தாள்.

"தீசிஸ்ல இத எழுத ஏலா மாமா," என்றாள். "நீங்க கதையா எழுதுங்க. கதையில எழுதினா ஒத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க தானே."

முப்பது வருடம் மாத்தளையில் தமிழ் படிப்பித்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு கதை எழுதிக்கொண்டிருப்பவனிடம் சொல்லக்கூடிய பேச்சா இது?

2

முதல் தொடக்கம்: "ரிவர்ஸ்டன் மலையை மூடுபனி போர்த்தியிருந்த ஒரு காலைப் பொழுதில்—"

வேண்டாம். அங்கே எல்லாக் காலையும் அப்படித்தான்.

இரண்டாம் தொடக்கம்: "அட்டை பொய் சொல்லாது."

இதையும் அடிக்கிறேன். அட்டை எதையும் சொல்வதில்லை, ஆய்வுகூடம்தான் சொல்கிறது. கம்பீரமாக ஒரு வரி எழுத ஆசைப்பட்டேன், மன்னியுங்கள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். றிப்கா மானிடவியல்காரி. மழை தப்பிப் பெய்வதையும் காட்டு மிருகங்கள் இடம் மாறுவதையும் தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆய்வு. முன்பெல்லாம் மழைக்கு மட்டும் காலில் ஏறி ரத்தம் குடித்த அட்டை இப்போது கண்ட மாதத்திலும் ஏறுகிறது என்று கொழுந்து பறிக்கும் பெண்கள் சொன்னார்கள். அதைக் கேட்டு அவள் அட்டை சேகரிக்கத் தொடங்கினாள். தோட்டத்துக்கு மேலேயுள்ள காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்து அட்டையையும் தனித்தனிப் போத்தலில் போட்டு அனுப்புவாள். அவற்றின் வயிற்றிலுள்ள ரத்தத்தைச் சோதித்து, அங்கே எந்தெந்த மிருகம் நடமாடுகிறது என்று ஆய்வுகூடம் பட்டியல் கொடுக்கும்.*

* குடித்த ரத்தம் ஏறக்குறைய நான்கு மாதம் வரைக்கும் அடையாளம் தெரியுமாம். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதை இதன்மேல்தான் நிற்கிறது.

பெப்ரவரியில் ஒன்பதாம் கட்டத்தின் பட்டியல் வந்தது. மரை, காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, தேவாங்கு, மனிதன்.

மனிதன் என்று வந்தால் சேகரித்தவர் கைபட்டதாகக் கொண்டு அந்த வரியை அழித்துவிட வேண்டும் என்பது ஆய்வுகூடத்தின் விதி. றிப்கா அழித்தாள். ஆய்வுகூடமும் மிச்சத்தைக் கொட்டிவிட்டது. ஆனால் அழிப்பதற்கு முன்பே அந்தப் பட்டியலை அவளுடைய உதவிக்காரி பார்த்திருந்தாள்.

"மிஸ், மனுசன்னு ஒண்ணு இருந்திச்சே," என்று கேட்டாள் சர்மிளா. "அது யாரு?"

3

சர்மிளாவை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. முதல் வரைவில் அவளை நிறைய அழவிட்டேன். நேரில் பார்த்தபோது அவள் அழவில்லை, ஆகவே அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். போன நவம்பர் மழையில், அவர்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் வரும் குழாய் அடைத்துக்கொண்டது என்று அவளுடைய புருஷன் தர்சன் காலையில் மேலே போனான். பத்து மணிக்கு மலை சரிந்தது. பத்து நாள் தோண்டியும் உடம்பு கிடைக்கவில்லை. ஒன்பதாம் கட்டம் அந்தச் சரிவுக்கு மேலே இருக்கிறது. அதற்குப் பிறகு றிப்காவையும் சர்மிளாவையும் தவிர யாரும் அங்கே போவதில்லை.

[இந்த இடத்தில் தர்சனுக்கு வீட்டைவிட்டுப் போக ஒரு காரணம் வைக்கலாமா என்று யோசித்தேன். முதல் நாள் சண்டை போட்டிருந்தால்? வெட்கத்தை விட்டு அவளிடமே கேட்டேன். "சண்ட எல்லாம் இல்ல சேர். கொழம்புல உப்பு பத்தலன்னு சொன்னாரு. அது சண்டையா?" என்று அவள் என்னையே திருப்பிக் கேட்டாள். அந்தக் கேள்வியை எட்டு மாதமாகத் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தவள் போலிருந்தது.]

அவள் கழுத்தில் தாலி இருந்தது. கருமாதி செய்துவிட வேண்டும் என்று மாமியார் சுந்தரம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். உறுதியாகத் தெரியாமல் கழற்ற மாட்டேன் என்று இவள் நின்றாள்.

பெப்ரவரி அட்டை ஒன்றையும் நிரூபிக்காது. சரிவதற்கு முன்பே அவன் காலில் அது ஏறியிருக்கலாம். ஆனால் ஜூலையில் பிடிக்கும் அட்டைக்குள் தர்சனின் ரத்தம் இருந்தால், மார்ச் மாதத்துக்குப் பிறகும் அவன் அங்கே நடந்திருக்கிறான் என்று அர்த்தம்.

4

ஜூலையில் நானும் போனேன். வர்ணனைக்காக. வேறு எந்த நியாயமான காரணமும் எனக்கு இருக்கவில்லை.

றிப்கா முழங்கால் வரை இழுத்துக் கட்டும் அட்டை மேஜோடு தந்தாள். வேண்டாம் என்றேன். அட்டை கடித்தால் எப்படியிருக்கும் என்று எழுதுகிறவனுக்குத் தெரிய வேண்டாமா? சர்மிளா காலில் சவர்க்காரத்தைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எட்டாம் கட்டம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆள் மூச்சுப் பட்டதும் இலை நுனிகளில் அட்டைகள் எழும்பி எங்கள் பக்கம் வளைந்தன.

ஒன்பதாம் கட்டத்தில் அவை ஏற்கெனவே எழும்பியிருந்தன. மூன்று பேர் பக்கத்தில் போய் நின்றும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. நூற்றுக்கணக்கானவை, எல்லாமே மேட்டுப் பக்கம் நீண்டு ஆடிக்கொண்டிருந்தன.

[றிப்கா இதை வாசித்துவிட்டு, "காத்துக்கு அப்பிடி இருந்திருக்கும் மாமா, இத வெட்டிருங்க" என்றாள். காற்று இருக்கவில்லை. வெட்ட மாட்டேன்.]

எனக்குப் பயமாக இருந்தது. மேட்டில் மரங்களும் வெள்ளைப் பனியும் தவிர ஒன்றும் தெரியவில்லை. சர்மிளா போத்தலைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் பார்த்து, "ஏங்க," என்றாள். கத்தவில்லை. தேத்தண்ணி ஊற்றிவிட்டுக் கூப்பிடுவது போலத்தான் கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு குனிந்து வேலையைத் தொடங்கினாள்.

வரும் வழியிலேயே என் காலில் ஏழு ஏறியிருந்தன. இழுத்து இழுத்து எறிந்தேன். எங்கே எறிந்தேன் என்று பார்க்கவில்லை. அவர்கள் இரண்டு மணி நேரம் அதே இடத்தில் அட்டை பொறுக்கினார்கள்.

5

செப்டெம்பரில் பட்டியல் வந்தது. ஒன்பதாம் கட்டம்: மரை, காட்டுப்பன்றி, மனிதன். இந்தத் தடவை றிப்கா அழிக்காமல் விசாரித்தாள். ஆண் என்றார்கள்.

நான் எறிந்த அட்டையும் அந்தப் போத்தலுக்குள் போயிருக்கலாம் என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் நினைத்தோம். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உண்மையை அறிய இரண்டு வழிகள் இருந்தன. தர்சனைப் பெற்ற தாயின் கன்னத்துக்குள் பஞ்சுக்குச்சியை உரசி, அந்த ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது முதல் வழி. லயத்துக்குப் போனோம். சுந்தரம்மா குச்சியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"வாயத் தொறக்க மாட்டேன்," என்றாள்.

"அத்த, அவரு உசிரோட இருக்காரான்னு தெரிஞ்சிரும்," என்றாள் சர்மிளா.

"உசிரோட இருந்தா இந்நேரம் வந்திருப்பான். கீழ பாத்தா லயத்துப் பொகை தெரியுது, புள்ளைங்க அழுகிறது கேக்குது. இம்புட்டுப் பக்கத்துல இருந்துக்கிட்டு பத்து மாசம் வராதவன் எனக்கு மகன் இல்ல. செத்தவன்தான் என் மகன். அவன எங்கிட்டருந்து எடுக்காதீங்க."

கருமாதிக்கு அடுத்த வெள்ளிக்கிழமையைக் குறித்திருப்பதாகவும் சொன்னாள். றிப்கா குச்சியைப் பைக்குள் வைத்தாள்.

6

இரண்டாவது வழி என் வாய்.

முடிவு அ: ரத்தம் என்னுடையது. காட்டில் யாருமில்லை. ஒரு கிழட்டு எழுத்தாளன் மேஜோடு போடாமல் போனான், அவ்வளவுதான் கதை.

முடிவு ஆ: ரத்தம் என்னுடையதல்ல. அப்படியானால் மேட்டில் யாரோ—

ஆ எனக்குப் பிடித்திருக்கிறது. கதைக்கு அது நல்லது. இதை எழுதும்போதே என்மேல் அருவருப்பு வருகிறது, ஆனாலும் உண்மை. உரசாமல் விட்டால் இரண்டுமே உயிரோடு இருக்கும். வாசகருக்கும் திகில் மிஞ்சும்.

சர்மிளாவிடம் போனில் கேட்டேன், எது வந்தால் நல்லது என்று.

"ஒங்களுதுன்னு வந்தா வெள்ளிக்கெழம எல்லாரோடயும் சேந்து அழுதிருவேன் சேர். ஒங்களுது இல்லன்னு வந்தா..." பாத்திரத்தை மூடும் சத்தம் கேட்டது. "அப்ப உப்பு பத்தலன்னு சொன்னது சண்டதான் போல."

7

இன்று புதன்கிழமை. மாத்தளை பஸ் பிடித்து சர்மிளாவே வந்துவிட்டாள். நான் உரசித் தரும் குச்சியை றிப்காவிடம் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக முன்னறையில் உட்கார்ந்திருக்கிறாள். இன்று போய்ச் சேர்ந்தால் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லிவிடுவார்களாம். என் மனைவி கொடுத்த தேத்தண்ணி ஆறிவிட்டது. ஒரு வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து இதை எழுதுகிறேன்.

குச்சி இன்னும் உறைக்குள் இருக்கிறது. அரை நிமிட வேலை. கதை முடியும் வரைக்கும் எழும்ப வேண்டியதில்லை என்பதால்தான் இவ்வளவு பந்தி எழுதியிருக்கிறேன். நீங்களும் வாசித்துக்கொண்டு வந்தீர்கள். அவ்வளவு நேரமும் அவள் காத்திருக்கிறாள்.

முடிவை உங்களிடம் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். இப்படிப்பட்ட கதைகளில் அது வழக்கம், பாராட்டுவார்கள். ஆனால் நீங்கள் என்ன சொன்னாலும் வாயைத் திறக்க வேண்டியது நான்தானே. முன்னறையில் கதிரை நகரும் சத்தம் கேட்கிறது. எழும்பிவிட்டாள் போலிருக்கிறது. இந்த வாக்கியத்தை முடித்துவிட்டால் நானும் எழும்ப வேண்டும், ஆகவே