மூன்றாம் நம்பர் வண்டியின் போன்

கல் உடைக்கும் மெஷின் பல் பெயர்ந்து நின்றுவிட்டது. அதன் வாய்க்குள் பாதி உடம்பை நுழைத்து வெல்டர் பற்றவைத்துக்கொண்டிருந்தான். மெஷின் ஓடும்போது எதுவும் கேட்காது. நின்றால்தான் வானத்தில் தும்பி சுற்றுவது காதில் விழும். ஆளில்லாத அந்த விமானத்துக்கு கிரஷர்காரர்கள் வைத்த பெயர் அது. யாரும் கண்ணால் பார்த்ததில்லை. காலையிலிருந்து அது தலைக்கு மேலேயே இரைந்துகொண்டிருந்தது.

கவிழ்த்துப் போட்ட டிரம்மின் மேல் வெல்டரின் தங்கை புருஷன் உட்கார்ந்திருந்தான். சட்டக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். மனைவியைப் பிறந்த வீட்டில் விட வந்தவன். கிரஷரில் எல்லாருக்கும் அவன் வாத்தியார்.

மலைக்கு அந்தப் பக்கம் முந்தின நாள் ஒரு வீடு தரைமட்டமாகியிருந்தது. தீவிரவாதி ஒருவன் ஒழிந்தான் என்று ரேடியோ சொன்னது. பேச்சு அதில்தான் ஓடியது.

"குண்டு வைக்கிறவனைக் கொன்னா என்ன தப்புங்கறேன்?" என்றார் மேஸ்திரி. "வீட்டுக்குள்ள பாம்பு வந்தா வக்கீல் வச்சுட்டா அடிக்கிறோம்?"

"பாம்புன்னு யாரு சொன்னது மேஸ்திரி? சொல்றவனும் அவன், தீர்ப்பு எழுதறவனும் அவன், அடிக்கிறவனும் அவன். அடுத்த நாட்டுக்குள்ள வந்து அடிக்கணும்னா அந்த நாடு சம்மதிக்கணும். இல்ல, இந்த நிமிஷம் தாக்கப் போறான், வேற வழியே இல்லேன்னு இருக்கணும். சண்டை நடக்கிற இடமாவே இருக்கட்டும், ஆள் அவன்தான்னு உறுதியா தெரியணும். பக்கத்துல சும்மா நிக்கிறவன் உயிரையும் எடை போடணும். ஒருத்தனுக்காக நாலு பேரைக் கொல்ல முடியாது."

வெல்டர் மெஷின் வாயிலிருந்து தலையை வெளியே எடுத்தான். "எடை போடுவானா, மாப்ளை?"

"போடணும்னு எழுதியிருக்கு மச்சான்."

"நான் கேட்டது அதில்ல."

"எழுதின தாளை மடிச்சுத் தலைக்கு மேல பிடிச்சா ஒழுகாதோ?" என்றார் மேஸ்திரி. கல் பொறுக்கும் பெண்கள் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்தான்.

"ஒழுகும். ஆனா செத்த பிறகு இது கொலைன்னு சொல்ல ஒரு வார்த்தை வேணும்ல? அதுகூட இல்லேன்னா, மழை பெஞ்சு சுவர் விழுந்து செத்தான்கிற மாதிரி ஆயிடும்."

அப்போதுதான் மூன்றாம் நம்பர் லாரி ஜல்லி ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஓட்டியவன் வெல்டரின் தம்பி. போகிற போக்கில் ஜன்னல் வழியே, "வாத்தியாரே, ஃபீஸ் கட்டாம பாடம் கேக்கறாங்க, பாத்துக்குங்க," என்றான். வண்டி வளைவைத் தாண்டி மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் வானமும் அமைதியானது.

"அப்பாடா, சனியன் தொலைஞ்சுது," என்றார் மேஸ்திரி. எல்லாருக்கும் தோள் இறங்கியது. வெல்டர் ஒரு பீடி பற்றவைத்தான்.

"அவ்வளவு உயரத்துல ஆள் மூஞ்சி எப்படித் தெரியும்?" என்று கேட்டான்.

"மூஞ்சி எங்க தெரியும்? போனைத்தான் பிடிச்சுக்கிட்டுப் போறான். போன் எங்க போகுதோ அங்கதான் ஆள்னு கணக்கு. ஆளைக் கண்ணுல வாங்கிட்டா அப்புறம் போன் இல்லேன்னாலும் விடமாட்டான்."

வெல்டரின் பீடி வாயிலேயே நின்றது.

இந்தக் கிரஷரில் போன் ஆளுக்குச் சொந்தமில்லை, வண்டிக்குச் சொந்தம். டிரைவர் மாறுவான், நம்பர் மாறாது. ஸ்டியரிங் பக்கத்தில் போனை மாட்ட வளையம் பற்றவைத்துக் கொடுத்தது வெல்டர்தான். ஒரு தடவை திருட்டுப் போனதிலிருந்து மேஸ்திரி ஒரு சட்டம் வைத்தார்: வண்டியை விட்டு இறங்கினால் போனைக் கம்பியில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். நம்பர் மட்டுமல்ல, பேரும் வண்டியோடு போகும். மூன்றாம் நம்பரை வெகுநாள் ஓட்டியவன் கட்டையன். ஜல்லி வாங்குகிறவர்களுக்கு அந்தப் பேர்தான் தெரியும். ஆகவே யார் ஓட்டினாலும் கட்டையன் என்றுதான் போனை எடுப்பார்கள். கட்டையன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். பிறகு சீருடைக்காரர்கள் வந்து அவன் படுத்த அறையைத் தோண்டிப் பார்த்தார்கள். தேடப்படுகிறவர்கள் என்று ரேடியோ வாசித்த பேர்களில் அவன் பேரும் இருந்தது. கட்டையன் செய்தானா இல்லையா என்று இங்கே யாருக்கும் தெரியாது. போனை மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"தும்பி போகல," என்றான் வெல்டர். "வண்டி கூடப் போயிருக்கு."

மேஸ்திரியின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. தன் போனை எடுத்து வெல்டரிடம் நீட்டினார்.

"பேரு ஊரு எதுவும் சொல்லாத மச்சான்," என்றான் வாத்தியார். "கேட்டுக்கிட்டுதான் இருப்பான். இறங்கச் சொல்லு, அவ்வளவுதான். ஓடச் சொல்லாத. ஓடினா அதுவே சாட்சி."

வெல்டர் நம்பரை அழுத்தினான். மணி போனது, தம்பி எடுத்தான். வழக்கம் மாறாத குரல்.

"மூணாம் நம்பர், கட்டையன் பேசுறேன்."

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டான்.

"நான்தான்டா. வண்டியை ஓரம் கட்டு. இறங்கி நடந்து வந்துடு."

"லோடுண்ணே?"

"கிடக்கட்டும்."

"என்னாச்சு? அண்ணிக்கு ஏதாவது..."

"ஒண்ணும் கேக்காத. வா. மெதுவா வா."

மெஷின் பக்கம் யாரும் போகவில்லை. பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். வெடிச்சத்தம் வருமா என்று எல்லாரும் மலைப்பக்கம் காதை வைத்திருந்தார்கள். வரவில்லை. வராதது நல்லதா கெட்டதா என்று யாரும் கேட்கவில்லை.

தம்பி வளைவில் தெரிவதற்கு முன்னால் வானத்தில் இரைச்சல் வந்துவிட்டது.

பிறகு அவன் வந்தான். உடம்பெல்லாம் தூசி, இடுப்பில் துண்டு. சாவகாசமாகக் கையை வீசிக்கொண்டு நடந்து வந்தான். நெஞ்சில் ஏதோ ஆடி ஆடி வெயிலில் மின்னியது.

"நான் சொன்னதை எவன் கேட்டான்," என்றார் மேஸ்திரி. "போனைக் கழுத்துல மாட்டச் சொன்னதை மட்டும் கேட்டிருக்கான் பாரு."

வெல்டர் திரும்பி ஒரு தடவை பார்த்தான். பெண்கள், மேஸ்திரி, கொட்டகையில் சோற்றுப் பாத்திரங்கள். தம்பி இன்னும் கொஞ்சம் நடந்தால் இவர்கள் நடுவில் வந்து நிற்பான். வெல்டர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு எதிரே நடந்தான்.

"அங்கேயே நில்லுடா."

தம்பி நின்றான். வெல்டர் கிட்டே போய், அவன் கழுத்திலிருந்த கம்பியோடு போனைக் கழற்றி, தண்ணீர் தேங்கிய பழைய குழிக்குள் வீசினான்.

"அண்ணே, மேஸ்திரி தோலை உரிச்சுடுவாரு."

"உரிக்கட்டும்."

இரண்டு பேரும் மேலே பார்த்தார்கள். இரைச்சல் குழிப்பக்கம் போகவில்லை. தலைக்கு நேர் மேலே நின்றது. தம்பிக்கு இப்போதுதான் புரிந்தது. அண்ணனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான்.

"நீ போண்ணே. அந்தப் பக்கம் போ."

"பேசாம நில்லு." வெல்டர் அவன் தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டான். பிறகு கிரஷர் பக்கம் திரும்பி, கத்தாமல், ஆனால் கேட்கிற மாதிரி சொன்னான்:

"மாப்ளை, பக்கத்துல நிக்கிறவனையும் எடை போடணும்னு சொன்னீங்கள்ல?"

வாத்தியார் டிரம்மிலிருந்து எழுந்தான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தான். வைத்த பிறகு கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மேஸ்திரி அவன் முழங்கையைப் பிடித்தார். அவன் மெல்ல விடுவித்துக்கொண்டான்.

வெயிலில் தனியாக நடந்து போய் தம்பிக்கு மறுபக்கம் ஒட்டி நின்றான்.

மேலே இரைச்சல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.