மாதாவுக்கு ஒரு பிளாஸ்க் பனி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சட்டையைப் பிடிக்கக்கூடாது. இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் ஒரு பத்திரிகை ஆசிரியரின் ஞாபக மறதி. ‘வெளிநாட்டு நகரம் ஒன்றைச் சுற்றிப் பார்த்த அனுபவத்தைக் கலகலப்பாக எழுதித் தாருங்கள்’ என்று வேறு யாருக்கோ போட வேண்டிய கார்டை எனக்குப் போட்டுவிட்டார். நான் புதுக்கோட்டைக்காரன். (அந்தப் பெரிய புதுக்கோட்டை இல்லை. தூத்துக்குடியில் திருநெல்வேலி பஸ் ஏறினால், கண்டக்டர் சீட்டுக் கிழிப்பதற்குள் எங்கள் ஊர் வந்துவிடும்.) வடக்கே நான் கண்ட எல்லை விளாத்திகுளம். அங்கேயும் பெண் பார்க்கத்தான் போனேன். அந்தப் பெண் என்னை வேண்டாமென்று சொல்லிவிட்டதால் ஊரை நிதானமாகப் பார்க்க முடியவில்லை.

ஆனாலும் வந்த கார்டைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. ஆகவே இனிகோ என்று ஓர் இளைஞனை உண்டாக்கி, கப்பலில் ஏற்றி, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக்கு அனுப்பிவைத்தேன். வருஷம் 1973. காலணா செலவில்லை.

2

தொடக்கம் ஒன்று: ‘ஹாம்பர்க் நகரம் வெள்ளைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு—’

(அடித்துவிட்டேன். பனியைக் கண்டவன், காணாதவன் எல்லாரும் இந்தப் போர்வையைத்தான் விரிக்கிறார்கள்.)

தொடக்கம் இரண்டு: ‘உப்பளத்து ஊரில் பிறந்தவனுக்குப் பனி ஒன்றும்—’

(இதுவும் வேண்டாம். தூத்துக்குடிக் கதை என்றால் முதல் வரியிலேயே உப்பைக் கொட்ட வேண்டும் என்று சட்டமா?)

தொடக்கம் மூன்று. இது நிற்கும் என்று நினைக்கிறேன்:

பிளாரன்ஸ் வேண்டிக்கொள்வது சண்டை பிடிப்பது மாதிரிதான் இருக்கும். கரையில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவள். அவளிடம் பேரம் பேசியவர்கள் இரண்டாம் தடவை பேசுவதில்லை. மகன் இனிகோ கப்பல் வேலை தேடிப் பம்பாயில் மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்தபோது, அவள் பனிமய மாதா கோவிலுக்குப் போய் மாதாவுக்கு நேரே நின்றுகொண்டாள்.

“எல்லாரும் ஒனக்கு மெழுகுதிரி குடுக்காக, மால போடுதாக. பனி மாதான்னு பேர வச்சிக்கிட்டு இந்தப் புழுக்கத்துல நிக்கியே, ஒருத்தராவது ஒனக்கு ஒரு கைப் பனி தந்தாகளா? எம் பயலுக்குக் கப்பல் குடு. அவன் கையால பனி கொண்டாந்து ஒம் பாதத்துல வைக்கச் சொல்லுதேன். இது நேர்ச்ச. நான் பேச்சு மாற மாட்டேன், நீயும் மாறாத.”

மாதா மறுவாரமே கப்பல் கொடுத்துவிட்டாள். குசினியில், அதாவது கப்பல் சமையல்கட்டில், எடுபிடி வேலை. நேர்ச்சை விஷயம் இனிகோ காதுக்கும் வந்தது. ஊருக்கு வந்து சொல்லிக்கொண்டு புறப்படும்போது கேட்டான்.

“எம்மா, பனி கரைஞ்சிருமே?”

“அது ஒம் பாடு. கேட்டவ நான், தந்தவ அவ. கொண்டாரது நீ.”

(பக்கவாட்டில் ஒரு குறிப்பு: முதல் பிரதியில் பிளாரன்ஸை முந்தானையால் கண்ணைத் துடைக்கும் சாதுவான தாயாக எழுதியிருந்தேன். நாலு வரிகூடத் தாங்கவில்லை. என்னையே ஒரு பார்வை பார்த்தாள், மாற்றிவிட்டேன்.)

3

இனி பத்திரிகை ஆசிரியர் கேட்ட பகுதி.

டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. இனிகோ கப்பலிலிருந்து தனியாக இறங்கி ஹாம்பர்க் நகரத்துக்குள் நடந்தான். கையில் குசினியிலிருந்து எடுத்த பிளாஸ்க், அதில் டீ. பெரிய பெரிய ரோடுகள். ஒரு கார் இல்லை. ‘அட பாவமே, இவ்வளவு பெரிய ஊரில் ஒருத்தனுக்கும் கார் வாங்க வழியில்லையா!’ என்று அவனுக்கு மனசு இளகிவிட்டது.*

நடுரோட்டில் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் நடந்தார்கள். கோட்டுப் போட்ட கிழவர்கள், குழந்தைகள், கோட்டுப் போட்ட ஒரு நாய். இவ்வளவு பேர் ஞாயிற்றுக்கிழமை நடுரோட்டில் நடந்தால் அது என்ன? தூத்துக்குடியில் பிறந்த யாருக்கும் அதில் சந்தேகமே வராது. இனிகோ குல்லாயைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர்வலத்தில் சேர்ந்தான். எந்தப் புனிதருக்குத் திருவிழா என்று தெரியாததால், பொதுவாக இருக்கட்டும் என்று ஜெபமாலை சொல்லிக்கொண்டே நடந்தான்.

ரோடுகள் சந்திக்கும் இடங்களில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு வண்டியும் வராத ரோட்டில் அத்தனை பேரும் வாய் பேசாமல் நின்றார்கள். விளக்கு மாறியதும் நடந்தார்கள். அடுத்த விளக்கில் மறுபடி நின்றார்கள். ‘ஓகோ, நின்று நின்று ஜெபம் சொல்லிப் போகிற சிலுவைப்பாதை!’ என்று இனிகோவுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த சிவப்பு விளக்கில் பக்தியாக ஒரு முட்டியை மடித்துத் தரையில் ஊன்றினான். கோட்டுப் போட்ட நாய் வந்து மோந்து பார்த்தது. பக்கத்திலிருந்தவர், இவன் தடுக்கி விழுந்துவிட்டான் என்று நினைத்துக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். ‘பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்கிற இடம்போல’ என்று இவன் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

சப்பரம் பின்னால் வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். ஊர்வலம் போய்ச் சேர்ந்த இடத்தில் பன்றிக்கறி விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் பனி பெய்யத் தொடங்கியது. பனி பெய்கிறபோது எப்படியிருந்தது என்றால்

(இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன். நான் விளாத்திகுளத்தைத் தாண்டியதில்லை என்றுதான் சொன்னேனே.)

இனிகோ டீயைக் கொட்டிவிட்டு, ஒரு மதில்மேல் சேர்ந்திருந்த பனியை வெறுங்கையால் பிளாஸ்க்குக்குள் திணித்தான். விரல்கள் மரத்துப்போயின. எதிர்வீட்டு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவி உள்ளே போனாள். கரண்டியோடு வெளியே வந்தாள். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. கரண்டியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.

கப்பலில் தலைமைச் சமையல்காரர் ஹென்றி மணப்பாட்டுக்காரர். “ஏலே, கறி வைக்கிற எடத்துல பனிய வைக்கச் சொல்லுதியா? கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?” என்று கத்தினார்.

“மாதாவுக்குண்ணே.”

ஹென்றி சிலுவை போட்டுக்கொண்டு, குளிர் அறையில் ஓர் ஆட்டுத்தொடையை நகர்த்தி இடம் பண்ணிக்கொடுத்தார்.

*அந்த வருஷம் எண்ணெய்த் தட்டுப்பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் காரை வெளியே எடுக்கக்கூடாதென்று அந்த நாட்டில் உத்தரவு. இது இனிகோவுக்குத் தெரியாது. நீங்களும் சொல்ல வேண்டாம், சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

4

பம்பாயில் இறங்கும்வரை பனி பத்திரம். சுங்கக்காரர் பிளாஸ்க்கைத் திறந்து பார்த்து, இதற்கு என்ன வரி போடுவதென்று தெரியாமல் மூடிக் கொடுத்தார்.

கெடுத்தது ரயில்தான். ரயில் என்றால் ரயில் இல்லை, இனிகோவின் இளகின மனசு. ‘உள்ளே என்ன?’ என்று ஒருவர் கேட்டார். ‘பனி’ என்றான். அவ்வளவுதான், பெட்டி முழுக்க வரிசையில் நின்றது. வந்தவர்களுக்கெல்லாம் மூடியைத் திறந்து காட்டினான். அழுத பிள்ளைக்கு ஒரு சிட்டிகை கொடுத்தான். குண்டக்கல் வரும்போது பிளாஸ்க்கை ஆட்டிப் பார்த்தான். களக் களக் என்றது. இனிகோவுக்கு உயிரே போய்விட்டது.

ஏனென்றால், ஊரில் கல்யாணம் காத்திருந்தது. இசபெல்லாவுக்கும் அவனுக்கும் பேசி முடித்தாயிற்று. மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும்; அதற்கப்புறம்தான் தாலி. தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் முடிவதற்குள் இவன் மறுபடி கப்பலில் இருப்பான். இசபெல்லாவின் அப்பாவோ, “இந்த மட்டம் தவறுனா, மணப்பாட்டுலேர்ந்து வேற மாப்பிள்ள கேக்காக, அவனப் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டார். இத்தனைக்கும் நடுவில் பிளாரன்ஸ் காலை ஊன்றி நின்றாள்: “நேர்ச்ச தீராம ஓலை வாசிக்க விடமாட்டேன். கடன்பட்ட வீட்ல கல்யாணமா?”

5

முடிவு அ: இனிகோ ராஜதுரை அண்ணாச்சியின் ஐஸ் பாக்டரிக்குப் போய், நொறுக்கிய ஐஸை பிளாஸ்க்கில் நிரப்பிக்கொண்டு வருகிறான். பிளாரன்ஸ் மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறாள். “இது சாள மீனுக்குப் போடுத ஐஸ்லா!” கதை முடிந்தது, இனிகோவும் முடிந்தான்.

முடிவு ஆ: மாதாவின் முன்னால் திறந்ததும், தண்ணீர் மறுபடி பனியாக—

(கையெடுத்துக் கும்பிடுகிறேன், முடியாது. அற்புதம் செய்வது அவள் வேலை. என்னுடைய வேலை வேறு.)

6

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். ஓலை வாசிக்கத் தொடங்கியே தீர வேண்டிய ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை. பூசை தொடங்கவில்லை. மாதா முன்னால் பிளாரன்ஸ், இனிகோ, இசபெல்லா மூன்று பேரும் நின்றார்கள்.

“எம்மா, தண்ணியாப் போச்சு” என்றான் இனிகோ.

பிளாரன்ஸ் திறந்து, விரலைவிட்டுப் பார்த்தாள். “நான் நேந்தது பனி. தண்ணிய வச்சு அவள ஏமாத்தச் சொல்லுதியா?”

இசபெல்லா குறுக்கே வந்தாள். “மாமி, மாதாவுக்குப் பனி வேணும், அம்புட்டுத்தான? இவுக பாத்ததச் சொல்லட்டுமே. எங்கிட்டகூட இன்னும் சொல்லல. வாரவுக எல்லாம் நைலான் சேல கொண்டாந்தியான்னுதான் கேக்காக. பனி எப்படியிருந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல.”

பிளாரன்ஸ் யோசித்தாள். “சரி, சொல்லுல. எங்கிட்ட இல்ல, அவளப் பாத்துச் சொல்லு. புளுகுனா எனக்குத் தெரிஞ்சிரும்.”

“வெள்ளையா இருந்துச்சு, தாயே.”

“அது அவளுக்குத் தெரியாதாக்கும்?”

“குளுந்துச்சு.”

“ஐஸுந்தான் குளுரும்.”

இனிகோ ஓரடி முன்னால் போனான். பிறகு தாயை மறந்து, மாதாவையே பார்த்துப் பேசினான்.

“சத்தமே இல்ல, தாயே. மழைன்னா ஓட்டுல கேக்கும். இது வந்ததே தெரியல, தோள்ல பாத்தா கெடக்கு. அண்ணாந்தேன், மூஞ்சியில விழுந்துச்சு. வலிக்கல. எங்கம்மா இங்கன நின்னிருக்கலாமேன்னு இருந்துச்சு. பொறந்ததுலேர்ந்து வெயில்ல மீன் கூடையோடதான அவளப் பாத்திருக்கேன். அவ மூஞ்சியிலயும் இது விழணும்னு இருந்துச்சு. அழுக வந்துட்டு. அந்தக் கெழவி கரண்டி தந்தப்ப அழுதுகிட்டேதான் அள்ளுனேன்.”

(பனிக்குச் சத்தம் இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அவன் சொன்னான், எழுதினேன்.)

பிளாரன்ஸ் பிளாஸ்க்கை மூடினாள். முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். (முதல் பிரதியில் நான் எழுதியபோது சண்டைக்கு வந்தவள்தான்!) மகனைத் திரும்பிப் பார்க்கவில்லை. நிமிர்ந்து மாதாவிடம் கேட்டாள்.

“கேட்டியா? போதுமா?”

இந்தக் கதையில் எல்லாருக்கும் நான்தான் வாய் கொடுத்தேன். மாதாவுக்குக் கொடுக்கிற தைரியம் எனக்கில்லை. அவள் என்ன சொன்னாள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் சீக்கிரம். பூசைக்கு வந்துவிட்ட சாமியார் ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பிளாரன்ஸ் இன்னும் தலையாட்டவில்லை. இசபெல்லா உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.