அஜிஷாவுடன் குளச்சல் போன பையன்

1

அந்த ஞாயிறு மதியம் தக்கலையில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: ரசலையனாகிய நான், என் தங்கை சொர்ணம்மாள், இளைய மகன் டைட்டஸ், அவன் மனைவி பிரீனா, அவர்கள் மகன் ஜெப்சன், குவைத்தில் இருக்கும் என் மூத்த மகனின் மகள், இங்கே படிக்க வந்திருக்கும் பதினாறு வயது அஜிஷா.

[அஜிஷா இல்லை. பட்டியலில் தானாக வந்துவிட்டாள். அன்றும் இதே தவறுதான் நடந்தது.]

இந்த நாவலை எழுத வந்த காரணத்தை ஒளிக்க மாட்டேன். என் பேத்தி ஒரு பையனோடு குளச்சலுக்குப் போனாள் என்று சர்ச் வாசலில் பேச்சு. நான்கு தலைமுறையாக அந்தச் சபையில் முன்வரிசையில் உட்காரும் குடும்பம் எங்களுடையது. வாசலில் நின்று மறுப்பது எனக்கு இழுக்கு. எழுதி மறுக்கலாம் அல்லவா?

2

முதல் தொடக்கம்: “தனிமை அவளை

அந்த வரியை அடித்துவிட்டேன். எங்கள் வீட்டில் தனிமையா? குளியலறைக்கே வரிசை நிற்கும் வீடு.

இரண்டாவது தொடக்கம்: சாப்பாட்டுக்கு முன் ஜெபம். ஆளுக்கொரு வசனம் சொல்வோம். அஜிஷா எப்போதும், வேதாகமத்திலேயே மிகச் சின்னது என்று சொல்லப்படும் ‘இயேசு கண்ணீர் விட்டார்’ என்பதைச் சொல்வாள். மூன்றே சொல், அதுவும் வாய்க்குள். அன்று சொர்ணம்மாள் சொன்னாள், அடுத்து ஜெப்சன் சொன்னான். நடுவில் ஒரு ஆள் குறைவது தெரியவே இல்லை. ஆமென் சொல்லிச் சாப்பிட்டோம். பாத்திரம் கழுவும்போதுதான் பிரீனா கேட்டாள்: “ஒரு தட்டு மட்டும் கழுவாமலே சுத்தமா இருக்கே?”

3

ஐந்து மணிக்கு வந்தாள். செருப்பில் மணல்.

“எங்கட்டி போன?” என்றேன்.

“குளச்சலுக்கு. கடல் பாக்க.”

“யாருகூட?”

“யாருமில்ல பாட்டா.”

ஐந்து பேரும் தனித்தனியாக இதே கேள்வியைக் கேட்டோம். ஏன் போனாய் என்று கேட்க எங்களில்

[இந்த வாக்கியத்தை மூன்று முறை தொடங்கிவிட்டேன்.]

4

குடும்ப மானத்துக்காக ஒரு சிறு மாற்றம் செய்தேன். பஸ்ஸில் அவளுக்குப் பின் இருக்கையில் டைட்டஸை உட்கார வைத்தேன். அவள் என் நோட்டை எடுத்துப் படித்திருக்கிறாள்.

“அந்த பஸ்ல சித்தப்பா ஏறினா, நான் இரணியல்ல இறங்கிருவேன்.”

“அப்ப நீ தனியாத்தான் போனன்னு எழுதவா? ஊர் வாய் அடங்கும்.”

“வேண்டாம் பாட்டா. பையன் இருக்கட்டும்.”

“ஏட்டி! எந்தப் பையன்?”

“அது எனக்கும் தெரியாது. ஏழு மாசமா கிளாஸ்ல ஒருத்தியும் எங்கிட்ட பேசல. குவைத்காரின்னு தள்ளியே வச்சிருந்தாளுவ. இப்ப, அவன் பேரென்ன, என்ன பைக்குன்னு கேட்டு ரெண்டு பேரு டிபன் பாக்ஸோட பக்கத்துல வந்து இருக்காளுவ. நீங்க எழுதிக் கெடுத்துராதீங்க.”

5

முடிவுகள்:

(அ) உண்மையை எழுதுகிறேன். மானம் மிஞ்சும். டிபன் பாக்ஸ்கள் பழைய பெஞ்சுக்குத் திரும்பிவிடும்.

(ஆ) எழுதாமல் விடுகிறேன். முதுகுக்குப் பின்னால் பேச்சு நடக்க, முன்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருக்க வேண்டும். விறைப்பு எனக்குப் பழக்கம்தான்.

[அடுத்த ஞாயிறு, சொர்ணம்மாள் முடித்ததும் ஜெப்சனைக் கைகாட்டி நிறுத்தினேன். காத்திருந்தோம். மூன்று சொல்லும் கேட்டது. இது முடிவல்ல, நடந்தது.]

வாசகரே, உண்மை இப்போது உங்களுக்கும் தெரியும். அவள் பள்ளிக்கூடத்துப் பக்கம் நீங்கள் வாய் திறப்பீர்களா, மாட்டீர்களா என்பதில் இருக்கிறது இந்த நாவலின் முடிவு. நான் எழுதப் போவதில்லை.

ஒன்றை மட்டும் திருத்திவிடுகிறேன். பையன் அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான் என்கிறார்கள். பொய். எங்கள் வீட்டுப் பெண் பஸ்ஸில்தான் போனாள்.